அம்பத்திநாலு கிரேட் வண்டி

அத்தியாயம் 6

எப்சிபா அக்காவின் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள். வேலையை விட்டாள், விசிலை மட்டும் விடவில்லை. இப்போது துப்பறிகிறாள். நான் இசக்கிமணி. அவளுடைய அசிஸ்டென்ட், டிரைவர், காபி வாங்கி வருகிறவன், சமயத்தில் சாட்சிக் கையெழுத்து போடுகிறவன், எல்லாம் நான்தான்.

எங்களுக்கு வருகிற கேஸில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்பது. மீதி, நேற்று வரை குடித்தவர் இன்றைக்கு நிஜமாகவே நிறுத்திவிட்டாரா என்பது. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சாரலில் நனைந்துகொண்டு சனோபர் படியேறி வந்தபோது, "மாப்பிள்ளை எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டேன்.

"மாப்பிள்ளை என் வீட்டுக்காரருதான். அவரத் திருடன்னு சொல்லுதாவோ" என்றாள்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

சனோபரின் வீட்டுக்காரர் துல்கர்னைன். இலத்தூரில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் குற்றாலிங்கம் அண்ணாச்சியிடம் பதினோரு வருஷமாக பிக்கப் ஓட்டுகிறார். இலத்தூரில் ஏற்றி, செங்கோட்டை தாண்டி, கணவாய் ஏறி இறங்கி, புனலூர் மார்க்கெட்டில் இறக்குவது. இப்போது குவைத்தில் தண்ணி லாரி ஓட்ட விசா வந்திருக்கிறது.

"வியாழக்கிழமைக்குள்ள போலீஸ் சான்றிதழ் ஏஜென்ட் கைக்குப் போகணும்க்கா. இல்லேன்னா விசா போச்சு. நாளைக்கு ஸ்டேஷன்ல விசாரிச்சு எழுதுவாவோ. அண்ணாச்சி இன்னைக்கு நாலு மணிக்கு புகார் குடுக்கப் போறேங்காரு. கேஸ் விழுந்தா எவன் சான்றிதழ் குடுப்பான்?"

"என்ன காணாமப் போச்சு?"

"தக்காளி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. தக்காளி விற்கிற விலைக்கு இப்போது தக்காளி போட்ட ரசம் வைக்கிற வீட்டில் பெண் எடுக்கவே பயமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி சுமை தூக்குகிற ஆட்களுக்கு லீவு கொடுத்துவிட்டு, தானும் மச்சினனுமாக லோடு ஏற்றியிருக்கிறார். மூடிப் பூட்டியும் ஆச்சு. திங்கள் விடிய சாவியையும் சீட்டையும் துல்கர்னைன் கையில் கொடுத்தார். சீட்டில் ஐம்பத்திநாலு கிரேட், அதாவது தக்காளிப் பெட்டி. புனலூரில் திறந்தால் முப்பத்தாறு. பதினெட்டைக் காணோம். வழியில் வண்டி நின்றது ஒரே இடத்தில், செங்கோட்டையில் டீ குடிக்க.

"பூட்டு உடைஞ்சிருந்துதா?" அக்கா கேட்டாள்.

"இல்லக்கா. அதுதான் வம்பே. போன சனிக்கிழமதான் தார்ப்பாயத் தூக்கிப் போட்டுட்டு இரும்பு மூடி போட்டாரு. சாவி ரெண்டு. ஒண்ணு அண்ணாச்சிகிட்ட, ஒண்ணு இவருகிட்ட. அப்ப வேற யாரு எடுத்திருப்பாங்காரு."

"உள்ள காலி இடம் இருந்துதாமா?"

"நெறஞ்சுதான் இருந்துதாம். திருடிட்டு நீ பரத்தி அடுக்கிட்டேங்காரு." சனோபர் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒண்ணு சொன்னாருக்கா. தப்ப ஒத்துக்கிட்டா மன்னிச்சிருதேன், கேஸெல்லாம் வேண்டாம், இங்கனயே இருந்து வேலை பாத்துக் கழிச்சிருன்னு சொல்லுதாரு. இவரு மாட்டேனுட்டாரு. எடுக்காதத எதுக்கு ஒத்துக்கணும்?"

"எவ்வளவு பெரிய மனசு அண்ணாச்சிக்கு" என்றேன்.

"அத மறந்துராத மணி" என்றாள் அக்கா. எதை என்று சொல்லவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான். சொன்னால் நானும் துப்பறிந்துவிடுவேன் என்று பயம்.

"மொதல்ல இலத்தூருக்கா போறோம்?"

"இல்லலே. தார்ப்பாயா இருந்தா டீக்கடையில நின்ன எவன் வேணாலும் கயித்த அவுத்திருப்பான். நூறு பேரு மேல சந்தேகம் வரும். மூடி போட்டதால ஒரே ஆளு மேல வருது. அந்த மூடியத்தான் மொதல்ல பாக்கணும்."

*

பிக்கப்புக்கு மேல்மூடி போடுகிற பென்னியின் கடை குற்றாலம் ரோட்டில் இருந்தது. சீசன் நேரம். தலையில் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு, அருவிக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தது. எங்கள் ஸ்கூட்டருக்கு வழி விடச் சொல்லி அக்கா விசில் ஊதினாள். போலீஸ் என்று நினைத்து நாலு பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

"பிக்கப்புக்கு ஒரு மூடி பாக்கணும் அண்ணாச்சி" என்றேன் பென்னியிடம். பிக்கப்பே இல்லாதவன் மூடி வாங்க வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

பென்னி நல்ல கனத்த ஆள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என்ன லோடு? எம்புட்டு உசரம் அடுக்குவீரு? எந்த ரோட்டுல ஓடும்?"

"மூணு கேள்வியா?"

"பொண்ணு பாக்கப் போனா மூணு கேக்க மாட்டீரா? இதுக்கும் அப்படித்தான். லோடத் தெரியாம மூடி வித்தா நாளைக்கி நீரு வந்து என் சட்டையப் பிடிப்பீரு."

"பூ லோடு. சங்கரன்கோவில்ல இருந்து புனலூருக்கு" என்று அடித்துவிட்டேன். "எனக்கு இரும்பு மூடிதான் வேணும். கெத்தா இருக்கணும்."

இப்போது நிமிர்ந்து பார்த்தார். "கோட்டியாவே உமக்கு? பூவ இரும்புக்குள்ள போட்டுப் பூட்டுனா புனலூருல கூட்டுத்தான் வைக்கணும். பூவுக்கு வலை. வெங்காயத்துக்கும் காத்து வேணும், தார்ப்பாயக் கொஞ்சம் தூக்கிக் கெட்டணும். தக்காளியும் அப்படித்தான்."

"இரும்பு மூடி எதுக்குத்தான் ஆகும்?"

"பைப் பிட்டிங், மோட்டார், டூல்ஸ். உசரம் வேண்டாத சாமான். இது வண்டியோட பக்கப் பலகை மட்டத்துக்கு தட்டையா உக்காரும். கிரேட்டுன்னா ரெண்டு அடுக்கு. அதுக்கு மேல ஒரு வெண்டைக்கா வச்சாலும் மூடாது. தார்ப்பாய்னா வானம் வரைக்கும் அடுக்கலாம், கயிறு நீளந்தான் கணக்கு."

அக்கா அதுவரை பூட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெல்லக் கேட்டாள், "ரெண்டு அடுக்குன்னா எத்தன கிரேட் அண்ணாச்சி?"

"அடுக்குக்குப் பதினெட்டு. முப்பத்தாறு."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

"இந்த மூடிய யாரும் வாங்குதாங்களா?"

"போன வாரம் ஒருத்தரு வாங்குனாரு. இலத்தூரு அண்ணாச்சி. தக்காளிக்கு! தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். என் மூணு கேள்விக்கும் பதிலே சொல்லல. அவரு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. சாவி எத்தனன்னு." பென்னி தலையை ஆட்டினார். "மழை ஒழுகுமான்னு கேக்கல. சூடு ஏறுமான்னு கேக்கல. எல்லாரும் பழைய தார்ப்பாய விலையில கழிச்சுக்கிட்டுத்தான் புதுசு வாங்குவாங்க, இவரு தார்ப்பாயத் தரவும் மாட்டேனுட்டாரு. அதச் சொல்லி அவரு அனுப்புன வாய்ஸ் மெசேஜ் இன்னும் போன்ல கிடக்கு. விரல் நோவும்னு அவரு ஒரு வரி டைப் பண்ண மாட்டாரு."

"கேக்கலாமா?" என்றாள் அக்கா.

போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ சுவர் ஏறிக் குதிப்பதைப் பார்த்தபோதெல்லாம் அந்தச் சிரிப்புதான் வந்திருக்கும். எனக்கு மட்டும் கேட்கக் கொடுக்கவில்லை.

"அண்ணாச்சி, கடையச் சாத்திட்டு எங்ககூட வாங்க. இலத்தூர்ல ஒரு மூடி சரியா மூடலயாம்."

"நான் போட்ட மூடியா? மூடலயா?" பென்னிக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்களுக்கு முன்னாலேயே மொபெட்டைக் கிளப்பிவிட்டார்.

*

இலத்தூர் குடோன் வாசலில் பிக்கப் நின்றது. புது மூடி, கருப்புப் பெயிண்ட், நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம், நடுவில் கயிற்றில் கட்டிய ஒரு எலுமிச்சம்பழம். தக்காளி லோடுக்கு பேங்க் லாக்கர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

குற்றாலிங்கம் அண்ணாச்சி நெற்றி நிறைய விபூதி, வெள்ளைச் சட்டை, பையில் மடித்த காகிதம். புகார் அதுதான். மணி மூன்று. சற்றுத் தள்ளித் துல்கர்னைனும், கையில் மடக்கிய குடையோடு சனோபரும் நின்றார்கள். ஒல்லியான மனுஷன். இரண்டு நாளாகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று பார்த்தாலே தெரிந்தது.

நான் உள்ளே போய் மூலையில் சாய்ந்துகொண்டேன். பழைய தார்ப்பாய் போட்டு எதையோ மூடி வைத்திருந்தார்கள். முதுகில் ஈரம் பட்டது. கூரை ஒழுகுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"யாரும்மா நீ? கல்யாணப் புரோக்கரா?" என்றார் அண்ணாச்சி.

"துப்பறியும் நிபுணர்."

"தக்காளிக்கா?"

"விசாவுக்கு" என்றாள் அக்கா. "அண்ணாச்சி, இந்த வண்டி எத்தன கிரேட் ஏத்தும்?"

"அம்பத்திநாலு. பதினோரு வருஷமா அம்பத்திநாலு. பாவூர்சத்திரத்துல இருந்து புனலூர் வரைக்கும் யாருகிட்ட வேணாலும் கேளு, இதுக்குப் பேரே அம்பத்திநாலு வண்டி."

"ஆமாக்கா" என்று துல்கர்னைனும் தலையாட்டினார். கழுத்துக்குக் கத்தி வந்திருக்கிறது, கத்தி வைத்தவருக்கே சாட்சி சொல்கிறார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"அப்ப ஏத்திக் காட்டுங்க. காலி கிரேட் போதும்." அக்கா விசிலை வாயில் வைத்தாள். "மணி! துல்கர்னைன்! ஏத்துங்க!"

ஊதினாள். மிரண்டுபோய் அண்ணாச்சியே ஒரு கிரேட்டைத் தூக்கிவிட்டார்.

முதல் அடுக்கு, பதினெட்டு. இரண்டாவது அடுக்கு, முப்பத்தாறு. பக்கப் பலகை மட்டத்துக்கு நிறைந்துவிட்டது. பென்னி வந்து மூடியை இறக்கினார். டப். அழகாக உட்கார்ந்தது.

"பாத்தீங்களா? என் வேலைல ஒரு குறை சொல்ல முடியாது" என்றார்.

"திறங்க. இன்னும் பதினெட்டு."

மூன்றாவது அடுக்கு ஏறியது. இப்போது மூடி பாதியில் நின்றது. பென்னி அழுத்தினார். துல்கர்னைன் அழுத்தினார். நான் மேலே ஏறி உட்கார்ந்தேன். எழுபத்தெட்டு கிலோ. உள்ளே ஒரு கிரேட் கிரீச்சிட்டதே தவிர மூடி மசியவில்லை. வழுக்கிக் கீழே விழுந்ததுதான் மிச்சம். எலுமிச்சம்பழம் அறுந்து உருண்டு அண்ணாச்சி காலடியில் போய் நின்றது.

துல்கர்னைன் மூடியையும் கிரேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அதான் கணவாய்ல வண்டி பூ மாதிரி ஏறிச்சு" என்று தனக்குத்தானே சொன்னார். "நான் சர்வீஸ் பண்ணதாலன்னு நெனச்சேன். அல்லாவே, அம்பத்திநாலு ஏறவே இல்ல!"

அண்ணாச்சியின் விபூதிக்குக் கீழே வேர்த்தது. ஒரு நிமிஷம்தான். அப்புறம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அட, பழக்க தோஷம்லே! பதினோரு வருஷமா எழுதின கை. மூடிய மாத்துனோம், முப்பத்தாறுதான் ஏத்துனோம், கை தானா அம்பத்திநாலுன்னு எழுதிட்டு. சீட்டுத் தப்பு. மனுஷன்தான!"

நான் நம்பிவிட்டேன். சத்தியமாக நம்பினேன். நானே இன்னும் காசோலையில் போன வருஷத்துத் தேதி போடுகிறவன். சனோபர் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

"அப்ப புகாரக் கிழிச்சிருங்க" என்றாள் அக்கா.

அண்ணாச்சியின் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது. "கிழிப்பம்மா. யாரு கிழிக்க மாட்டேங்கா? ஆனா புனலூருலயும் ஒரு வார்த்தை கேக்கணும்லா. சரிபாத்துட்டு நானே எழுதித் தாரேன். ஒரு வாரம் பொறு."

"ஒரு வாரமா?" சனோபர் முன்னால் வந்தாள். "வியாழக்கிழமையோட எல்லாம் முடிஞ்சிரும் அண்ணாச்சி!"

"அதுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்?"

"ஒரு வாரம்" என்று மெதுவாகச் சொன்னாள் அக்கா. "இந்த வார்த்தைய உங்க வாயால இன்னைக்கு ரெண்டாவது தடவ கேக்கேன். பென்னி அண்ணாச்சி, அந்தப் போனக் குடுங்க."

சத்தத்தைக் கூட்டி வைத்தாள். குடோன் முழுக்க அண்ணாச்சியின் குரல் கேட்டது.

'ஏ பென்னி, சனிக்கிழம காலைலயே போட்டுரு. ஒரு வாரத்துக்குத்தான் பாத்துக்க. ஒரே ட்ரிப்பு. அடுத்த சனிக்கிழம நீயே கழட்டிக்கோ, கழிவு போக மீதியத் தா. நம்ம பழைய தார்ப்பாயே கெட்டிக்கிடுவோம், ஓணத்துக்குக் கேரளா லோடு வருதுல்லா. சாவி ரெண்டே ரெண்டுதான? மூணாவது இருக்கப்படாது, ஆமா.'

அக்கா போனைப் பென்னியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரே ட்ரிப்புக்கு இரும்பு மூடி போடுத வியாபாரிய நான் இப்பதான் பாக்கேன்" என்றாள் அக்கா. "மழைக்கு வாங்கல. தக்காளிக்கு வாங்கல. சாவிக்கு வாங்கியிருக்கீங்க. தார்ப்பாய் கெட்டுன வண்டியில களவு போனா எவன் மேலயும் சொல்ல முடியாது. ரெண்டு சாவி உள்ள வண்டின்னா ஒருத்தன் மேலதான் சொல்ல முடியும். வியாழக்கிழம விசா போயிரும். சனிக்கிழம மூடி போயிரும். அதுக்கப்புறம் அம்பத்திநாலு கிரேட், பழைய தார்ப்பாய், பழைய டிரைவர். நீங்க எல்லாத்தையும் யோசிச்சீங்க. அம்பத்திநாலும் இந்த மூடிக்குள்ள அடங்குமாங்கறத மட்டும் யோசிக்கவே இல்ல."

"சும்மா அடிச்சு விடாத! பதினெட்டு கிரேட்ட நான் என்ன தின்னா தீத்தேன்?"

"மணி, திரும்பு" என்றாள் அக்கா.

திரும்பினேன். சனோபர் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வெள்ளைச் சட்டை முதுகு முழுக்கச் சிவப்பு.

அக்கா மூலைக்குப் போய்ப் பழைய தார்ப்பாயைப் பிடித்து இழுத்தாள். பதினெட்டு கிரேட். இரண்டு நாளாக மூடிக் கிடந்து அவிந்து, ஓரமெல்லாம் சாறு வடிந்துகொண்டிருந்தது. ஊரே தக்காளி இல்லாமல் புளியைக் கரைக்கிறது. இங்கே அண்ணாச்சி வெளியே தெரிந்துவிடும் என்று விற்கவும் முடியாமல், வீட்டுக்கு நாலு எடுத்துப் போகவும் முடியாமல் அழுக விட்டிருக்கிறார்.

அண்ணாச்சி ஒரு காலி கிரேட்டின் மேல் உட்கார்ந்தார். கீழே கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு துல்கர்னைனைப் பார்த்துத்தான் பேசினார், எங்களை அல்ல.

"நீ போயிட்டா ஓண லோட எவம்லே ஓட்டுவான்? மூணு பேரப் போட்டுப் பாத்தேன். ஒருத்தன் கணவாய்ல போன் பேசுதான். ஒருத்தன் குடிக்கான். ஒருத்தன் பாதி லோட வித்துட்டு வாரான். உன்னய மாதிரி ஆளு எங்கலே கிடைக்கான்?"

திருடாதவன் என்பதால் திருட்டுப் பட்டம்.

"இருலேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி?" என்றார் துல்கர்னைன். "பதினோரு வருஷத்துல ஒரு தடவ கேட்டிருக்கீங்களா?"

"கேட்டா இருந்திருப்பியா?"

"இல்ல. ரெண்டு பிள்ளைய படிக்க வைக்கணும். ஆனா போறதுக்கு முன்னால ஒரு ஆளுக்கு வண்டி பழக்கிக் குடுத்துட்டுப் போயிருப்பேன். கேரளாக்காரன் எவன் எங்க ஏமாத்துவான்னு சொல்லிக் குடுத்திருப்பேன். உங்க கையப் பிடிச்சு அழுதுட்டுப் போயிருப்பேன்."

அக்கா புகார்க் காகிதத்தை வாங்கி, அதன் பின்பக்கத்திலேயே எழுத வைத்தாள். எதுவும் காணாமல் போகவில்லை, டிரைவர் மேல் குற்றம் இல்லை, கையெழுத்து, தேதி. பென்னி சாட்சி, நான் சாட்சி. விரல் நோவும் என்று ஒரு வரி டைப் பண்ணாத மனிதர் ஆறு வரி எழுதினார். அக்கா அதை மடித்து சனோபர் கையில் கொடுத்தாள். அவள் அதை மடக்கிய குடைக்குள் வைத்து, குடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. நனைந்தபடியே நடந்தாள்.

துல்கர்னைன் உடனே போகவில்லை. வண்டியிடம் போய், ஏற்றிய காலி கிரேட் ஐம்பத்திநாலையும் ஒவ்வொன்றாக இறக்கி அடுக்கினார். யாரும் சொல்லவில்லை. மூடியைச் சாத்திப் பூட்டினார். சட்டையால் சாவியைத் துடைத்து அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்தார்.

"ரெண்டு சாவியும் இப்ப உங்ககிட்டதான் அண்ணாச்சி" என்றார். "இனி ஏதாச்சும் காணாமப் போனா, கேக்கதுக்கு இங்கன வேற ஆளு கிடையாது."